சாஃப்ட்வேர் வேலையில் முதல் வருடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்பஸில் தேர்வாகி ஐடி வேலைக்கு வந்து ஒரு வருடத்துக்குள் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். ஜாவா, பைத்தான் பற்றிய கேள்விகள் இதில் குறைவு. அவற்றுக்கு இணையத்தில் பதில் கிடைத்துவிடுகிறது. யாரிடம் கேட்பது, எப்போது சொல்வது, எதை ஒத்துக்கொள்வது என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

காலேஜ்ல நல்லாத்தான் கோடு எழுதினேன். இங்க ஒரு மாசமா புராஜெக்ட் கோடைப் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் பிடிபடல. எனக்கு இது செட் ஆகாதோ?

ஆகும். காலேஜில் நீங்கள் எழுதியது உங்கள் தலையில் பிறந்த முந்நூறு வரி. இங்கே இருப்பது பல வருடமாகப் பலர் எழுதி, அவர்களில் பாதிப்பேர் வேலையை விட்டுப் போன பிறகு மிஞ்சியிருக்கும் சில லட்சம் வரி. அதை முழுசாகத் தெரிந்தவர் உங்கள் டீமிலேயே இருக்க மாட்டார். சீனியர்களுக்குத் தெரிந்தது எங்கே தேட வேண்டும் என்பதுதான்.

ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து படிக்காதீர்கள். முதலில் அப்ளிகேஷன் உங்கள் மெஷினில் ஓட வேண்டும். அதற்கே இரண்டு மூன்று நாள் போகலாம், பரவாயில்லை. ஓடியதும் ஒரே ஒரு பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள், 'சேவ்' என்று வைத்துக்கொள்வோம். பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினால் எந்த ஏபிஐக்கு (சர்வரில் அந்த வேலையைச் செய்யும் முகவரிக்கு) போகிறது என்று தெரியும். அந்த முகவரியின் கடைசித் துண்டைக் கோடில் தேடி, கிடைத்த இடத்தில் பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்தும் குறி) வைத்து, டேட்டாபேஸ் வரை ஒவ்வொரு படியாக இறங்குங்கள். போன வழியைத் தாளில் பெட்டியும் அம்புக்குறியுமாக வரைந்து வையுங்கள். நாலைந்து பட்டன்களை இப்படித் துரத்தியதும், புது டிக்கெட் (உங்களுக்குப் பதிவான வேலை அல்லது புகார்) வந்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரியும்.

ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்று புரியாவிட்டால், கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் 'கிட்' கருவியில் 'கிட் பிளேம்' போட்டுப் பாருங்கள். அந்த வரியைக் கடைசியாக மாற்றிய கமிட்டும் (சேமித்த மாற்றப் பதிவும்), பெரும்பாலும் அதில் டிக்கெட் எண்ணும் கிடைக்கும். டிக்கெட்டைத் திறந்தால் காரணம் அங்கே எழுதியிருக்கும். முட்டாள்தனமாகத் தெரிகிற பல வரிகள் ஏதோ ஒரு கஸ்டமர் புகாருக்கு மருந்தாகப் போட்டவை. பார்க்காமல் அழித்தால் அதே புகார் திரும்பி வரும்.

எதையாவது கேட்டா தொல்லை பண்றேன்னு நினைப்பாங்களோன்னு இருக்கு. எவ்வளவு நேரம் நானே முட்டிக்கிட்டு இருக்கலாம்?

எந்த வகைச் சிக்கல் என்பதைப் பொறுத்தது. பாஸ்வேர்டு, விபிஎன், சர்வர் அனுமதி, இன்ஸ்டால் ஆகாத பேக்கேஜ் போன்றவற்றுக்கு 15 நிமிடம் போதும். நீங்கள் எவ்வளவு யோசித்தாலும் உங்கள் பெயருக்கு அனுமதி தானாக வராது. கோடில் லாஜிக் சிக்கல் என்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை போராடலாம். அதற்கு மேல் தேடியதையே திரும்பத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு மூன்றாம் நாள் 'இன்னும் முடியல' என்பதைத்தான் லீட்கள் (டீமை வழிநடத்தும் சீனியர்கள்) உண்மையில் தொல்லை என்று நினைக்கிறார்கள்.

சாட்டில் 'ஹாய்' என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஒரே மெசேஜில் நான்கு விஷயம் வர வேண்டும்: என்ன செய்யப் பார்க்கிறீர்கள், என்ன வந்தது, எதையெல்லாம் முயன்றீர்கள், எதைச் சந்தேகப்படுகிறீர்கள். எரரை போட்டோவாக அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், அப்போதுதான் எதிரில் இருப்பவர் அதை அப்படியே எடுத்துத் தேட முடியும். தனி மெசேஜைவிட டீம் சேனலில் கேட்பது மேல். யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் சொல்வார், அடுத்து சேருகிறவருக்கும் அது அங்கேயே கிடக்கும். இந்த நான்கையும் எழுதிக்கொண்டிருக்கும்போதே விடை கண்ணில் படுவதும் நடக்கும். அப்போது மெசேஜை அனுப்ப வேண்டியதில்லை.

சொன்ன பதிலைக் குறித்து வையுங்கள். முதல் முறை கேட்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதையே மூன்றாம் முறை கேட்டால் கட்டாயம் வைத்திருப்பார்கள்.

எரர் வந்தா கையும் ஓடல காலும் ஓடல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

எரரைப் படிப்பதிலிருந்து. பலர் சிவப்பு எழுத்தைக் கண்டதும் கூகுளுக்குத் தாவிவிடுகிறார்கள். பைத்தானில் என்ன தவறு என்பது கடைசி வரியில் இருக்கும், அதற்கு மேலே அழைப்புகள் வரிசையாக நிற்கும். ஜாவாவில் தலைகீழ்: சமீபத்திய அழைப்பு மேலே, உண்மையான காரணம் பெரும்பாலும் கீழே கடைசியாக வரும் 'காஸ்டு பை' வரியில். லைப்ரரிப் பெயர்களைத் தாண்டி, உங்கள் புராஜெக்ட் ஃபைலின் பெயர் வரும் முதல் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே போங்கள்.

பிறகு, அந்தத் தவறை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடிகிறதா என்று பாருங்கள். வரவழைக்க முடியாத தவறைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்ல வழியே இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எது மருந்து என்று தெரியாது, மற்ற இரண்டும் கோடில் குப்பையாகத் தங்கிவிடும். 'போன மாசம் ஓடிக்கிட்டிருந்தது' என்ற வகை என்றால் 'கிட் பைசெக்ட்' உண்டு. நல்ல கமிட் ஒன்றையும் கெட்ட கமிட் ஒன்றையும் சொன்னால் நடுவிலிருந்து பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்து முறை சோதித்தால் குற்றவாளி கிடைத்துவிடும்.

மேனேஜரைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்றாங்க. அப்பா வயசு அவருக்கு, எனக்கு வாய் வரமாட்டேங்குது.

பெயரைச் சொல்லி 'நீங்க' போட்டுப் பேசுங்கள். சென்னை ஓஎம்ஆர் பக்கத்து அலுவலகங்களில் அதுதான் பழக்கம், யாரும் தவறாக எடுப்பதில்லை. சில இடங்களில் 'சார்', 'அண்ணா' ஓடும், அங்கே அதையே சொல்லுங்கள். மரியாதையால் கூப்பிடத் தயங்குவதில் குற்றமில்லை. அதே மரியாதையால் அவர் சொன்னதில் இருக்கும் தவறைச் சுட்டாமல் விடுவதுதான் ஆபத்து. 'அந்தத் தேதியில டெஸ்ட் சர்வர் இருக்காதே, பாத்தீங்களா?' என்று கேள்வியாகவே கேட்டுவிடலாம்.

ஸ்டாண்ட்அப்ல எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல. தினமும் 'அதே வேலைதான், புராக்ரஸ்ல இருக்கு'ன்னு சொல்றேன். போதுமா?

போதாது. தினமும் நடக்கும் அந்தச் சின்னக் கூட்டத்தில் அந்த வாக்கியத்தை வைத்து யாராலும் உங்களுக்கு உதவ முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'ஓடிபி சரிபார்ப்பு முடிஞ்சது. நேரம் கடந்த ஓடிபிக்குத் தப்பான மெசேஜ் வருது, இன்னைக்கு அதைப் பாக்கறேன். டெஸ்ட் சர்வர் அனுமதி இன்னும் வரல, மதியத்துக்குள்ள வரலைன்னா நாளைக்கு வேலை நிக்கும்.' அரை நிமிடம்கூட ஆகாது. கடைசி வாக்கியம் கேட்டதும் யாராவது அந்த அனுமதிக்கு ஒரு மெயில் போடுவார்கள். ஸ்டாண்ட்அப் அதற்காகத்தான். காலையில் கூட்டத்துக்கு முன் மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டால் தடுமாற்றமும் இருக்காது.

'எத்தனை நாள் ஆகும்?'னு கேக்கறாங்க. எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் குறைச்சுச் சொல்லி மாட்டிக்கறேன்.

குறைத்துச் சொல்வதற்குக் காரணம், டைப் அடிக்கும் நேரத்தை மட்டும் கணக்குப் போடுவது. ஒரு சின்ன டிக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம்: கஸ்டமர் ஃபார்மில் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு பெட்டி சேர்க்க வேண்டும். கேட்டவுடன் 'அரை நாள்' என்று வாயில் வரும். இப்போது எண்ணுங்கள். டேபிளில் புது நெடுவரிசை. ஏற்கெனவே இருக்கும் கஸ்டமர்களுக்கு அது காலியாக இருக்கலாமா என்று பிசினஸ் ஆளிடம் கேட்க வேண்டும். ஏபிஐயில் சரிபார்ப்பு: 15 எழுத்து, முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண். திரையில் பெட்டி, தவறாக அடித்தால் காட்டும் மெசேஜ். எக்செல் டவுன்லோடிலும் பில் பிரிண்டிலும் அது வர வேண்டுமா? யூனிட் டெஸ்ட். ரிவ்யூவுக்கு (டீமில் ஒருவர் கோடைப் படித்துச் சரிபார்ப்பதற்கு) காத்திருப்பு. கியூஏ (சோதிக்கும் டீம்) திருப்பி அனுப்பினால் இன்னொரு சுற்று. மொத்தம் மூன்று நாள்.

எஸ்டிமேட் கேட்டால் உடனே எண்ணைச் சொல்லாமல் 'ஒரு மணி நேரத்துல சொல்றேன்' என்று வாங்கிக்கொண்டு இப்படிப் பிரித்து எழுதுங்கள். அரை நாளுக்கு மேல் போகிற துண்டு இருந்தால் அதை இன்னும் உடையுங்கள். உடைக்கத் தெரியவில்லை என்றால் அந்த இடம் உங்களுக்குப் புரியவில்லை என்று பொருள், அதையும் சொல்லிவிடுங்கள். கூட்டம், மெயில், அடுத்தவர் கேட்கும் சந்தேகம் எல்லாம் போக ஒரு நாளில் கோடுக்கு நாலைந்து மணி நேரம்தான் மிஞ்சும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். 'மூணு நாள், பிசினஸ்கிட்டேர்ந்து பதில் தாமதமானா அஞ்சு' என்று எதைப் பொறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது ஒற்றை எண்ணைவிட நாணயமான பதில்.

முடிந்ததும் உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு டிக்கெட் சேர்ந்தால் நீங்கள் எதை எப்போதும் மறக்கிறீர்கள் என்று தெரியும். நிறையப் பேருக்கு அது ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் நேரம்.

நான் அஞ்சு நாள்னு சொன்னா, 'இல்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்'ங்கறார் லீட். முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

மேலே போட்ட பட்டியலையே எடுத்துக் காட்டுங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபார்மும் சரிபார்ப்பும் முடியும். எக்செல்லும் பில் பிரிண்டும் அடுத்த வாரம் போகலாமா?' என்று எதை விடலாம் என்பதை அவரிடமே கேளுங்கள். டெஸ்ட்டை மட்டும் வெட்ட ஒத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் வெட்டிய நேரம் கியூஏ சுற்றில் வட்டியோடு திரும்பும். தள்ளிப்போகப் போகிறது என்று பாதி வழியிலேயே தெரிந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். புதன்கிழமை சொன்னால் அவர் ஏதாவது மாற்று யோசிக்கலாம். வெள்ளி மாலை ஆறு மணிக்குச் சொன்னால் அவரும் அதே குழியில்தான்.

என் கோடுக்கு ரிவ்யூவில 32 கமெண்ட். என்னைப் பிடிக்கலையோன்னு தோணுது.

கமெண்ட் எண்ணிக்கை பெரும்பாலும் நீங்கள் அனுப்பிய அளவைப் பொறுத்தது. 40 ஃபைலும் 1,500 வரியும் உள்ள புல் ரிக்வெஸ்ட்டுக்கு (உங்கள் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கைக்கு) இரண்டே விதி: ஒன்று 32 கமெண்ட், இல்லையென்றால் யாரும் படிக்காமல் போடும் ஒரு 'எல்ஜிடிஎம்' ('எனக்குச் சரியாகத் தெரிகிறது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). இரண்டாவதுதான் மோசம். இருநூறு முந்நூறு வரிக்குள் அனுப்பப் பழகுங்கள். பெயர் மாற்றம், இன்டென்டேஷன் மாற்றம் இவற்றைத் தனியாகவும் லாஜிக் மாற்றத்தைத் தனியாகவும் அனுப்புங்கள். கலந்து அனுப்பினால் மாறிய ஒரே ஒரு நிபந்தனை நூறு வெற்று வரிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும், ரிவ்யூ செய்பவர் கண்ணில் படாது.

அனுப்பும் முன் டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியலை) நீங்களே ஒருமுறை வேற்றாள் கண்ணோடு படியுங்கள். மறந்து விட்ட பிரிண்ட் வரிகள், கமெண்ட் போட்டு மறைத்த பழைய கோடு, உங்கள் மெஷினின் ஃபோல்டர் பாதை எல்லாம் அப்போதே அகப்படும். விளக்கத்தில் எதற்காக மாற்றினீர்கள், எப்படிச் சோதித்தீர்கள், எந்த இடத்தில் உங்களுக்கே சந்தேகம் என்று மூன்று வரி எழுதுங்கள். வந்த ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் பதில் போடுங்கள், 'செய்துவிட்டேன்' என்றாவது. ஒரே கமெண்ட் மூன்று முறை வந்தால் அதை உங்கள் சொந்தச் செக்லிஸ்ட்டில் ஏற்றிவிடுங்கள். 'நல் செக் இல்லை' (மதிப்பே இல்லாத நிலையைக் கவனிக்கவில்லை) என்பது பலருடைய பட்டியலில் முதல் வரி.

உடன்பாடு இல்லையென்றால் வாதிடலாம், வாதிட வேண்டும். 'எனக்கு இப்படிப் பிடிக்கும்' என்பது மட்டும் காரணமாகாது. 'இந்த முறையில் குவெரி ஒன்றுக்குப் பதில் நூறாகிவிடும்' என்பது காரணம். இரண்டு சுற்றுக்கு மேல் கமெண்ட்டில் இழுத்தால் எழுந்துபோய் நேரில் பேசி, முடிவை மட்டும் அங்கே எழுதுங்கள். ஆறு மாதம் போனதும் நீங்களே அடுத்தவர் கோடை ரிவ்யூ செய்யக் கேளுங்கள். கற்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது, ஆனாலும் முதல் வருடத்தில் ஏனோ யாரும் கேட்பதில்லை.

கிட்-ல என்னமோ பண்ணிட்டேன், ரெண்டு நாள் வேலை காணோம். போச்சா?

கமிட் செய்திருந்தால் அநேகமாகப் போகவில்லை. 'கிட் ரெஃப்லாக்' என்று அடித்தால் உங்கள் மெஷினில் ஹெட் (நீங்கள் இருக்கும் கமிட்டைக் காட்டும் குறி) எங்கெல்லாம் போய்வந்தது என்ற பட்டியல் வரும். காணாமல்போன கமிட்டின் எண்ணை அதிலிருந்து எடுத்து, அதன்மேல் புது பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) போடுங்கள். எந்தப் பிராஞ்சும் தொடாத கமிட்கள் இயல்பு அமைப்பில் 30 நாள் வரை அந்தப் பட்டியலில் இருக்கும். கமிட் செய்யாத மாற்றங்களை அது மீட்டுத் தராது, அதனால் மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று அரைகுறையாக இருந்தாலும் உங்கள் பிராஞ்சில் கமிட் செய்து வையுங்கள். பொதுப் பிராஞ்சில் ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதை உங்களுடையதால் மேலெழுதுவது) வேண்டவே வேண்டாம்.

பாஸ்வேர்டையோ ஏபிஐ கீயையோ தெரியாமல் கமிட் செய்து புஷ்ஷும் செய்துவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை. வரலாற்றில் அது அப்படியே இருக்கும். அந்தக் கீயை ரத்து செய்து புதியது வாங்குவதே தீர்வு. உடனே லீடிடம் சொல்லுங்கள்.

அண்ணா, நான் போட்ட கோடுனால புரொடக்‌ஷன் விழுந்துடுச்சு. வேலை போயிடுமா?

மக்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டமே நின்றாலும், தவறு செய்ததற்காகப் போவது அரிது. மறைத்ததற்காகப் போகலாம். முதல் வேலை, 'நான் பதினோரு மணிக்குப் போட்ட மாற்றத்தால இருக்கலாம்னு நினைக்கறேன்' என்று உடனே சொல்வது. உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது வேலை, பழைய வெர்ஷனுக்குத் திருப்புவது. அந்தப் பதற்றத்தில் புதுக் கோடு எழுதிச் சரிசெய்யப் போனால் ஒரு பிரச்சினை இரண்டாகும். எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள் என்பதை நடக்க நடக்கக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அது யாருக்கும் நினைவிருக்காது.

பெரிய நிறுவனங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கோடைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப் முறைகள் பல இருந்தும் அவை வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரத் தகவல் போயிற்று. அவர்கள் நடந்ததை ஒளிக்காமல் பொதுவில் எழுதினார்கள், பழியை அந்த ஆளின் தலையில் கட்டவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சர்வரில் ஏழில் மட்டும் புதுக் கோடைப் போட்டு ஒன்றை விட்டுவிட்டது. சுமார் 45 நிமிடத்தில் நஷ்டம் 44 கோடி டாலர். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஒரு ஆளின் கை தவறினால் இவ்வளவு தூரம் போக எது அனுமதித்தது? உங்கள் டீமின் போஸ்ட்மார்ட்டம் (தவறின் காரணத்தை ஆராயும்) கூட்டத்திலும் அதையே கேளுங்கள்.

புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் நேரடியாகக் கை வைக்க நேர்ந்தால் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் அதே 'வேர்' (எந்த வரிகள் என்று சொல்லும்) நிபந்தனையோடு செலக்ட் போட்டு எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். டிரான்சாக்‌ஷன் தொடங்கி அப்டேட் செய்யுங்கள். மாறிய வரி எண்ணிக்கை முன்பு பார்த்ததோடு பொருந்தினால் கமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது), பொருந்தாவிட்டால் ரோல்பேக் (பழையபடி திருப்புவது). டேபிள் அமைப்பை மாற்றும் ஆல்டர், டிராப் கட்டளைகளுக்கு மைஎஸ்கியூஎல்லிலும் ஆரக்கிளிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை, அவை தாமாகவே கமிட் ஆகிவிடும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தமிழ் மீடியம்ல படிச்சேன். கிளையன்ட் கால்ல பாதி புரியல, 'எஸ் எஸ்'னு சொல்லிடறேன்.

புரியாமல் சொல்கிற 'எஸ்' ஒப்புதலாகப் பதிவாகிவிடும், அடுத்த வாரம் அதைச் செய்துகாட்ட வேண்டியது நீங்கள். நிறுத்திக் கேட்பதற்கு இரண்டு ஆங்கில வாக்கியங்களை மனப்பாடமாக வைத்திருங்கள்: ஒன்று, மெதுவாக மறுபடி சொல்லச் சொல்வது, இன்னொன்று, 'நான் புரிந்துகொண்டது இது, சரியா?' என்பது. கால் முடிந்த பத்து நிமிடத்தில் என்ன முடிவானது, யார் செய்வது, எப்போதுக்குள் என்று ஐந்து வரி மெயில் அனுப்புங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்துவார்கள். எழுத்தில் யோசிக்க நேரம் கிடைக்கும் என்பதால், பேச்சு சரளமாகும்வரை அந்த மெயில் உங்களைக் காப்பாற்றும். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். அலங்கார ஆங்கிலம் யாருக்கும் தேவையில்லை.

கால் எல்லாம் ராத்திரிதான். மார்ச்ல திடீர்னு ஒரு மணி நேரம் மாறிடுச்சு, மீட்டிங்கை மிஸ் பண்ணிட்டேன்.

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே. நியூயார்க்கில் காலை 9.30 என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8.00, கோடையில் மாலை 7.00. காலண்டரில் மீட்டிங்கை அவர்கள் ஊர் நேரத்தில் போட்டால் தானாக நகரும். கோடிலும் இதே கதைதான்: நடந்த நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். இரவு கால் தினமும் உண்டு என்றால் காலையில் தாமதமாக வரலாமா என்று மேனேஜரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கேட்காமல் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போனால் மூன்று மாதத்தில் உடம்பு சொல்லிவிடும்.

சாட்ஜிபிடி, கோபைலட் எல்லாம் இருக்கே, இன்னும் நானே உக்காந்து எழுதணுமா?

முதலில் உங்கள் கம்பெனி எதை அனுமதித்திருக்கிறது என்று பாருங்கள். கிளையன்ட் கோடையோ உண்மையான கஸ்டமர் தகவலையோ அனுமதியில்லாத கருவியில் ஒட்டுவது ஒப்பந்த மீறலாகலாம். அனுமதி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஒரு நிபந்தனையோடு: ரிவ்யூவில் எந்த வரியைக் காட்டி 'இது எதுக்கு?' என்று கேட்டாலும் உங்களால் சொல்ல முடிய வேண்டும். இல்லாத ஃபங்ஷனை இருப்பதாக எழுதித் தருவதும், பழைய வெர்ஷன் லைப்ரரிக்கு விடை தருவதும் நடக்கும். காலி மதிப்பு, பூஜ்யம், பிப்ரவரி 29, தமிழில் எழுதிய பெயர் என்று ஓரத்து விஷயங்களை நீங்களே கொடுத்துச் சோதியுங்கள்.

முதல் வருடத்தில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்வது நல்லது. எரர் வந்தால் மேலே சொன்ன வழியில் இருபது நிமிடம் நீங்களே பாருங்கள், பிறகு கருவியிடம் போங்கள். விடையை வாங்குவதைவிட, உங்கள் ஊகத்தைச் சொல்லி அது எங்கே தவறு என்று கேட்பது அதிகம் பயன் தருகிறது.

என்னை சப்போர்ட் புராஜெக்ட்ல போட்டுட்டாங்க, கோடிங்கே இல்ல. வருஷம் வீணாப் போகுதா?

டிக்கெட்டை வாங்கி அடுத்த டீமுக்குத் தள்ளிவிடுவது மட்டுமே வேலை என்றால், ஆம், வீண்தான். ஆனால் லாக் படிப்பது, எஸ்கியூஎல் எழுதுவது, ஒரு சிஸ்டம் எங்கெங்கே உடையும் என்று தெரிவது எல்லாம் சப்போர்ட்டில்தான் வேகமாகப் பழகும். டெவலப்மென்ட்டில் இருப்பவர்களுக்குப் பல வருடம் கழித்துதான் அது கிடைக்கிறது. கடந்த மூன்று மாத டிக்கெட்களை எக்செல்லில் இறக்கி எது அதிகம் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். முதல் இடத்தில் இருப்பதை எடுத்து, அதைத் தானாகச் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள், அல்லது அந்தத் தவறின் மூலத்தைக் கோடில் கண்டுபிடித்து 'இதை நானே ஃபிக்ஸ் பண்ணட்டுமா?' என்று கேளுங்கள். இரண்டு மூன்று ஃபிக்ஸ் உங்கள் பெயரில் போன பிறகு டெவலப்மென்ட்டுக்கு மாற்றக் கேட்டால் அந்தப் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

பெஞ்சில் (புராஜெக்ட் எதுவும் இல்லாமல்) இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதுதான். சான்றிதழ்களை அடுக்குவதைவிட, ஒரு சின்ன அப்ளிகேஷனை டேட்டாபேஸ், டெஸ்ட், டிப்ளாய்மென்ட் என்று முழுக்க முடித்து வைத்திருந்தால் உள் இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும்.

வாரத்துக்கு ஒரு புது ஃபிரேம்வொர்க் வருது. எதைப் படிக்கறது?

உங்கள் புராஜெக்ட்டில் இருப்பதை. அதற்கு அடியில் இருப்பவையும் வேண்டும்: எஸ்கியூஎல்லில் ஜாயினும் இன்டெக்ஸும், எச்டிடிபி எப்படிப் போய்வருகிறது, லினக்ஸில் லாகைத் தேடும் பத்துப் பதினைந்து கட்டளைகள், எழுத்துகள் கணினியில் எப்படிச் சேமிக்கப்படுகின்றன என்பது.

கடைசியாகச் சொன்னது தமிழருக்குக் கண்ணெதிரே இருக்கும் உதாரணம். 'தமிழ்' என்பதில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடு, யுடிஎஃப்-8இல் 15 பைட். ஜாவாஸ்கிரிப்ட்டில் நீளம் கேட்டால் 5 என்று வரும், குறியீடு குறியீடாகத் திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் வந்து நிற்கும். பைட் கணக்கில் 10 என்று அளவு வைத்த டேபிள் நெடுவரிசையில் இந்த ஒரு சொல்கூட அடங்காது. மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யுடிஎஃப்8' வகையில் தமிழ் சரியாக உட்காரும், ஒரு எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் என்பதால் இமோஜி உட்காராது. இதைப் புரிந்துகொண்டவருக்கு எந்த ஃபிரேம்வொர்க்கில் பெயர்கள் கட்டங்கட்டமாக வந்தாலும் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

கூடச் சேந்தவன் தனியா மாட்யூல் பாக்கறான், நான் இன்னும் பக் ஃபிக்ஸ்ல கிடக்கேன்.

டீம் வேறு, புராஜெக்டின் வயது வேறு, லீட் வேறு. ஒப்பிட வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்னால் நீங்கள் எழுதிய கோடைத் திறந்து பாருங்கள். கூச்சமாக இருந்தால் நல்ல அறிகுறி. கூச்சமே வரவில்லை என்றால் லீடிடம் பெரிய வேலை கேட்கும் நேரம் வந்துவிட்டது.

அப்ரைசல் ஃபார்ம்ல என்ன எழுதறதுன்னே தெரியல. வருஷம் முழுக்க உழைச்சேன், ஒண்ணும் ஞாபகம் வரல.

யாருக்குமே வராது, அதனால்தான் வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். டிக்கெட் எண், என்ன செய்தீர்கள், முன்பு எப்படி, இப்போது எப்படி என்று நான்கு நெடுவரிசை போதும். 'கடினமாக உழைத்தேன்' என்பதை மேனேஜரால் அவருடைய மேலதிகாரியிடம் கொண்டுபோக முடியாது. 'ரிப்போர்ட் பக்கம் 9 வினாடியில் திறந்தது, இன்டெக்ஸ் சேர்த்தபின் 2 வினாடி' என்பதைக் கொண்டுபோக முடியும். எஸ்டிமேட் குறிப்பும் ரிவ்யூ செக்லிஸ்ட்டும் மேலே சொன்னபடி வைத்திருந்தால் அவையே பாதி ஃபார்மை நிரப்பிவிடும்.

ரேட்டிங் குறைவாக வந்தால் அந்தக் கூட்டத்திலேயே சண்டை போடாதீர்கள். 'அடுத்த ரேட்டிங்குக்கு நான் என்னென்ன செய்திருக்கணும், ரெண்டு உதாரணம் சொல்லுங்க' என்று கேட்டு, பதிலை மெயிலில் எழுதி அவருக்கே அனுப்புங்கள். சில இடங்களில் ரேட்டிங் ஒதுக்கீடு முன்கூட்டியே முடிவாகியிருக்கும், உங்கள் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. அப்படியா என்பது அந்த இரண்டு உதாரணம் கிடைக்கிறதா இல்லையா என்பதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு வருஷம் முடிஞ்சுது. கம்பெனி மாறலாமா?

சம்பளம் மட்டும் காரணம் என்றால் கணக்கை முழுசாகப் போடுங்கள். பாண்டில் (இத்தனை மாதம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தத்தில்) எத்தனை மாதம், விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், நோட்டீஸ் பீரியட் 60 நாளா 90 நாளா, அதைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமா என்பதையெல்லாம் ஆஃபர் லெட்டரை எடுத்து வைத்துப் படியுங்கள். புது ஆஃபரில் சிடிசியை (கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகையை) பார்க்காமல் மாதம் கையில் வருவது எவ்வளவு என்று கேளுங்கள். காரணம் கற்பது நின்றுவிட்டது என்பதாக இருந்தால், அதே கம்பெனியில் டீம் மாற்றம் கேட்டுப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

போவது உறுதியென்றால் பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள். யுஏஎன் எண் (உங்கள் பிஎஃப் கணக்குகளை இணைக்கும் எண்) ஒன்றேதான், புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐந்து வருடச் சேவை முடியும் முன் எடுத்தால் வரி விழும். கையில் எழுத்தாக ஆஃபர் வந்தபின் ராஜினாமா, கடைசி நாளுக்குள் ரிலீவிங் லெட்டர் எப்போது வரும் என்று மெயிலில் உறுதி. நோட்டீஸ் காலத்தில் உங்கள் பொறுப்பில் உள்ளவற்றை ஒரு டாக்குமென்ட்டாக எழுதுங்கள்: எப்படி ஓட்டுவது, எங்கே அடிக்கடி உடையும், யாரிடம் எந்த அனுமதி, பாதியில் நிற்கும் டிக்கெட்கள் எவை. அதை வைத்துப் புதிதாக வருபவர் உங்களிடம் கேட்காமல் ஒரு டிக்கெட்டை முடிக்கிறாரா என்று கடைசி வாரத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். அவர் எங்கே நின்றாரோ அந்த இடத்தைத் திருத்தி எழுதக் கையில் ஒரு வாரம் இருக்கும்.